புது 1 டிபி டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மேட் செய்வது எப்படி?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வாங்கி வந்த புது ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் மாட்டியதும், 'திஸ் பிசி'யில் அது தெரியவில்லையா? பதற வேண்டாம். பெரும்பாலும் டிஸ்க் கெட்டிருக்காது. உள்ளே பார்ட்டிஷன், அதாவது டேட்டா வைக்கப் பிரித்த பகுதி, இல்லை, அவ்வளவுதான்.

முதலில் கரண்டைப் பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூன் மழையும் உண்டு, அக்டோபர் மழையும் உண்டு; மழையில் கரண்ட் போகலாம். காலி டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது கரண்ட் போனால் மறுபடி செய்துகொள்ளலாம். டேட்டா இருக்கும் பார்ட்டிஷனைச் சுருக்கும்போது போனால் ஃபைல்கள் சிதையலாம். அந்த வேலைக்கு யுபிஎஸ் வேண்டும், அதற்கு முன்பே பேக்கப்பும் எடுத்திருக்க வேண்டும்.

1. விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, வரும் மெனுவில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். 'இனிஷியலைஸ்' (புது டிஸ்க்கைத் தயார்படுத்தவா) என்று கேட்டால் ஜிபிடி தேர்ந்தெடுங்கள். ஜிபிடியும் எம்பிஆரும் பார்ட்டிஷன் பட்டியலை எழுதிவைக்கும் இரு முறைகள்; பழைய எம்பிஆர் 2 டிபிக்கு மேல் கையாளாது. ஆனால் ஏற்கெனவே படங்கள் இருந்த டிஸ்க் திடீரென்று இப்படிக் கேட்டால் 'கேன்சல்' மட்டுமே அழுத்துங்கள். உள்ளே இருப்பதை அப்போதும் மீட்க வழி இருக்கலாம்.

2. எது புது டிஸ்க் என்று உறுதி செய்யுங்கள். மீளாத தவறு நடப்பது இங்கேதான். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றே காட்டும். கம்பெனி 1000 கணக்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024 கணக்கில். கருப்புப் பட்டை என்றால் 'அன்அலகேட்டட்', காலி இடம். நீலப் பட்டையைத் தொடாதீர்கள். யுஎஸ்பி டிஸ்க் என்றால் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். எந்த வரி மறைகிறதோ அதுதான் உங்களுடையது.

3. கருப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுங்கள். அளவை எம்பியில் கேட்கும். 300 ஜிபி வேண்டுமென்றால் 307200. வெறும் 300 என்று அடித்தால் 300 எம்பிதான் கிடைக்கும். 300000 அடித்தால் 292.97 ஜிபி என்று நிற்கும்.

4. அடுத்து ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை, கேட்கும். விண்டோஸில் மட்டும் பயன்படுத்த என்டிஎஃப்எஸ். மேக்கிலும் மாட்ட வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 வேண்டாம், கல்யாண வீடியோ 4 ஜிபியைத் தாண்டினால் அந்த ஃபைல் ஏறாது. 'அலகேஷன் யூனிட்' டிஃபால்ட்டாகவே இருக்கட்டும். புது டிஸ்க்குக்கு 'குவிக் ஃபார்மேட்' போதும். பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கியிருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். மணிக்கணக்கில் ஓடும், ஆனால் பேட் செக்டார் (டிஸ்க்கில் கெட்டுப்போன இடம்) இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

5. மிச்சக் கருப்புப் பட்டைக்கும் இதையே செய்யுங்கள், கடைசியில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். காரணம் கீழே.

பின்னாளில் ஒரு பார்ட்டிஷன் போதாமல் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே தெரிந்தால், காலி இடம் அதன் வலப்பக்கத்தை ஒட்டி இல்லை என்று அர்த்தம். நடுவில் இருக்கும் பார்ட்டிஷனை காப்பி எடுத்து, அழித்து, பிறகுதான் நீட்ட முடியும். அதனால் வளரும் என்று நினைக்கும் பார்ட்டிஷனைக் கடைசியில் வையுங்கள், அதன் வலப்பக்கம் கொஞ்சம் இடத்தைக் கருப்பாகவே விட்டுவையுங்கள்.