பெங்களூரில் இருந்துகொண்டே தமிழ்நாட்டுப் பட்டம்: சேரும் முன், பணம் கட்டும் முன்

வேலைக்கென்று பெங்களூரு வந்து மூட்டை முடிச்சைப் பிரித்த கையோடு பலருக்கு நினைவு வருவது, ஊரில் விட்டுவந்த படிப்பு. ஆபீஸில் அடுத்த பதவிக்குப் பட்டம் கேட்பார்கள், பிஜி விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர் எம்பிஏ பாட வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே சேரலாம் என்று தோன்றுவது நியாயம்தான். பிளஸ் டூவைத் தமிழ்நாட்டில் முடித்தவருக்கு வேற்று மாநிலப் போர்டு தொடர்பான சான்றிதழ் அலைச்சல் கிடையாது. பல படிப்புகளைத் தமிழ் வழியிலும் எழுதலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவதில்தான் முதல் வழுக்கல். அங்கீகாரம் பெயருக்குக் கொடுக்கப்படுவதில்லை. எந்தப் படிப்பு, எந்த முறை, எந்தப் பருவம் என்று மூன்றும் சேர்ந்துதான் அங்கீகாரம்.

ஆன்லைன் வேறு, தொலைதூரம் வேறு

பேச்சில் இரண்டையும் "ஆன்லைன் டிகிரி" என்றுதான் சொல்கிறோம். யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளில் இரண்டும் தனித்தனி. தொலைதூர முறையில் பாடப் புத்தகம் தபாலிலோ பிடிஎஃப் ஆகவோ வரும், நேர்முக வகுப்புக்கும் தேர்வுக்கும் நேரில் போக வேண்டும். ஆன்லைன் முறையில் வகுப்பு, பயிற்சி, தேர்வு எல்லாமே இணையம் வழியாக நடக்கும். தேர்வை வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் எழுத வைப்பார்கள், அல்லது ஒரு தேர்வு மையத்துக்கு வரச் சொல்வார்கள்.

பெங்களூரில் இருப்பவருக்கு இது வெறும் பெயர் வித்தியாசம் அல்ல. மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புக்கு எல்லை உண்டு. படிப்பு மையமும் தேர்வு மையமும் அந்த மாநிலத்துக்குள்தான் இருக்க வேண்டும். ஆன்லைன் படிப்புக்கு அந்த எல்லை கிடையாது. ஆகவே சிவாஜிநகரிலோ பிடிஎம் லேஅவுட்டிலோ ஒரு மாடிப்படி ஓரம் "தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம், பெங்களூரு படிப்பு மையம்" என்று போர்டு தொங்கினால், உள்ளே போகாமலே திரும்பிவிடலாம். உரிமம் கொடுத்து வெளியாள் நடத்தும் மையத்தை யுஜிசி எங்குமே அனுமதிப்பதில்லை.

எது வசதி? ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பவருக்கும், சனி ஞாயிறு லீவு நிச்சயம் இல்லாதவருக்கும் ஆன்லைன். கட்டணம் குறைவாக வேண்டும், பேனா பிடித்து எழுதுவதுதான் பழக்கம், ஓசூர் வரை போய்வர முடியும் என்றால் தொலைதூரம். விதிப்படி அகமதிப்பீடு அதிகபட்சம் 30 சதவீதம், பருவத் தேர்வு குறைந்தது 70 சதவீதம். இது இரண்டுக்கும் பொது. ஆன்லைன் முறையில் இன்னொரு நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. பாட வீடியோ, வினாடி வினா, கலந்துரையாடல் எல்லாம் சேர்த்து 75 சதவீதப் பங்கேற்பு இருந்தால்தான் தேர்வு. "ஆன்லைன்தானே, கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவருக்கு ஹால் டிக்கெட் வராது.

பட்டியலில் எதைப் பார்ப்பது

யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவை எல்லாரும் "டெப்" என்பார்கள். அதன் தளத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் பட்டியல் இருக்கும். சேர்க்கைப் பருவம் ஆண்டுக்கு இரண்டு: ஜனவரி - பிப்ரவரி, ஜூலை - ஆகஸ்ட். நீங்கள் சேரப்போகும் பருவத்தின் பட்டியலைத் திறந்து, அதில் ஆன்லைன் பக்கத்திலா தொலைதூரப் பக்கத்திலா என்று பார்த்து, பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கீழே உங்கள் படிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பி.காம். இருக்கும், பி.பி.ஏ. இருக்காது. இன்னொன்றில் எம்.ஏ. தமிழுக்குத் தொலைதூரத்தில் அனுமதி இருக்கும், ஆன்லைனில் இருக்காது. போன வருடப் பட்டியலை வைத்து முடிவெடுக்காதீர்கள். மைசூரில் இருக்கும் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கே 2013-14 முதல் அங்கீகாரம் இல்லாமல் போய், 2018இல்தான் திரும்பக் கிடைத்தது. அரசுப் பல்கலைக்கழகமாயிற்றே என்ற நம்பிக்கை மட்டும் போதாது என்பதற்கு இந்த மாநிலத்திலேயே இருக்கும் சாட்சி அது. உங்கள் படிப்பு இருக்கும் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்துப் புதுக் கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் கேள்வி வந்தால் கைகொடுப்பது அந்த ஒரு தாள்தான்.

சில படிப்புகள் இந்த வழியில் கிடையவே கிடையாது. இன்ஜினியரிங், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், கட்டடக்கலை, பிஎச்.டி. இவற்றை யார் ஆன்லைனில் தருகிறேன் என்றாலும் பொய். 2025 ஜூலை - ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிர்த்தொழில்நுட்பம் ஆகியவையும் நிறுத்தப்பட்டன. பழைய விளம்பரத்தில் எம்.எஸ்சி. சைக்காலஜி பார்த்து மயங்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் வழி நிறைய. சென்னை சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம், காரைக்குடியில் அழகப்பா, திருச்சியில் பாரதிதாசன், சிதம்பரத்தில் அண்ணாமலை, மதுரையில் காமராசர், எம்பிஏ, எம்சிஏவுக்கு அண்ணா பல்கலைக்கழகம். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனி. எதுவானாலும் மேலே சொன்ன மூன்று பொருத்தமும் பார்க்காமல் தாலி கட்ட வேண்டாம். தமிழ்நாட்டு அரசு வேலை மனதில் இருந்தால் இன்னொன்று: பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை குலையாமல் இருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலையில் எடுத்த பட்டம் அங்கே செல்லாது.

பெங்களூரிலேயே ஒரு கல்லூரியில் நேரில் படித்துக்கொண்டு, கூடவே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனிலோ தொலைதூரத்திலோ இன்னொரு பட்டம் படிக்கவும் 2022 ஏப்ரலில் யுஜிசி வழிவிட்டது. வகுப்பு நேரம் மோதாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.

இனிஷியலில் தொடங்கும் தலைவலி

2024 செப்டம்பருக்குப் பிறகு, டெப் தளத்தில் எடுக்கும் மாணவர் எண்ணான டெப் ஐடி இல்லாமல் சேர்க்கை கிடையாது. வரிசை இதுதான்: முதலில் டிஜிலாக்கரில் ஆதாரைக் கொண்டு 12 இலக்க ஏபிசி ஐடி (படிப்பில் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) எடுக்க வேண்டும், இப்போது அதை அபார் என்கிறார்கள். அதைக் கொண்டு டெப் தளத்தில் டெப் ஐடி உருவாக்க வேண்டும். அந்த எண்ணைப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் போட வேண்டும். காசு கிடையாது. எல்லாம் சரியாக இருந்தால் அரை மணி நேர வேலை.

எல்லாம் சரியாக இருப்பதுதான் அபூர்வம். நம் மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் எஸ்" என்று இருக்கும். பெங்களூரு வந்ததும் வங்கிக்காகவோ பாஸ்போர்ட்டுக்காகவோ அப்பா பெயரை விரித்து ஆதாரில் "கார்த்திக் செல்வம்" ஆக்கியிருப்போம். ஏபிசி ஐடி ஆதாரில் உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும், டெப் ஐடி அதன்படி வரும். விண்ணப்பத்திலோ மதிப்பெண் பட்டியல்படி பெயர் கேட்பார்கள். இங்கே முட்டிக்கொள்ளும். சிலருக்குச் சேர்க்கையின்போதே நிற்கும், சிலருக்குப் பட்டம் அச்சாகி வரும்போதுதான் தெரியும், பிந்தியது இன்னும் மோசம்.

திருத்துவதென்றால் ஆதாரை மதிப்பெண் பட்டியலுக்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம். பத்தாவது சான்றிதழில் பெயர் மாற்றுவது பெரிய படலம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் ஏற்கெனவே எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும், கட்டணம் 75 ரூபாய். ஆதாரில் பழைய ஊர் செல்போன் எண்ணே இருந்து அந்த சிம் செத்துப் போயிருந்தால் ஓடிபி வராது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். முகவரியைப் பெங்களூருக்கு மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இந்தப் படிப்புக்காக இல்லை.

ஏஜென்டிடம் ஓடிபி சொல்லி டெப் ஐடி எடுக்கச் சொல்லாதீர்கள். அவருடைய மின்னஞ்சலைப் போட்டுவிடுவார். பிறகு பல்கலைக்கழகக் கடிதம் எல்லாம் அவருக்குத்தான் போகும், நீங்கள் அவரையே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பணம்: எவ்வளவு, யாருக்கு, எப்படி

விளம்பரத்தில் போடுவது படிப்புக் கட்டணம் மட்டும். விண்ணப்பம், பதிவு, தேர்வுக் கட்டணம், அடையாள அட்டை, பட்டமளிப்பு எல்லாம் தனித்தனி. தேர்வுக் கட்டணத்தைப் பெரும்பாலும் தாள் கணக்கில் வாங்குவார்கள். ஒரு கணக்குக்கு, தாளுக்கு 200 ரூபாய், பருவத்துக்கு 5 தாள், 6 பருவம் என்று வைத்தால் அதுவே 6,000 ரூபாய். அரியர் வைத்தால் அது மேலே. சேரும் முன் "முழுப் படிப்புக்கும் மொத்தம் எவ்வளவு" என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ரசீதில் 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பட்டத்துக்குக் கல்வி நிறுவனம் வாங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. வரி போட்டிருக்கிறார்கள் என்றால் அந்தத் தொகை நடுவில் நிற்கும் கன்சல்டன்சியின் சேவைக் கட்டணம், கல்லூரிக் கட்டணம் அல்ல.

பணம் பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். யுபிஐ ஸ்கேன் செய்ததும் திரையில் தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஸ்டேட் வங்கியின் கட்டணத் தளமான எஸ்பிஐ கலெக்ட் வழியாகக் கட்டச் சொல்வார்கள். அதில் மாநிலம், நிறுவனம், பிறகு கட்டண வகை தேர்ந்தெடுக்க வேண்டும். தவறு நடப்பது இந்தக் கட்டண வகையில்தான். "படிப்புக் கட்டணம் இரண்டாம் ஆண்டு" என்பதற்குப் பதில் "தேர்வுக் கட்டணம்" என்று தட்டிவிட்டால் பணம் போய்ச் சேரும், உங்கள் கணக்கில் மட்டும் ஏறாது. பிறகு அதை மாற்றக் கடிதம் எழுதி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிவு எண்ணை ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். கட்டியதும் வரும் குறிப்பு எண்ணோடு ரசீதை இறக்கி வையுங்கள். தவறவிட்டால் அதே தளத்தில் பழைய கட்டண விவரத்துக்குப் போய்ப் பிறந்த தேதியையும் செல்போன் எண்ணையும் கொடுத்து மறுபடி எடுக்கலாம்.

கல்விக் கட்டணத்துக்கு யுபிஐ வரம்பை ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் 5 லட்சமாக உயர்த்தியது, ஆனால் உங்கள் வங்கியின் வரம்பு குறைவாக இருக்கலாம். புதுப் போனில் யுபிஐ போட்ட முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. கடைசி நாளில் புதுப் போன் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். பணம் பிடித்துக்கொண்டு ரசீது வரவில்லை என்றால் பதற்றத்தில் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019 ரிசர்வ் வங்கி விதி. இந்த ஐந்து நாள் இடைவெளிக்காகவே கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் கட்டிவிட வேண்டும். எங்காவது டிடி கேட்டால் பெங்களூரிலேயே எடுக்கலாம். எந்த ஊரில் மாற்றத்தக்கது என்று பல்கலைக்கழகத்தின் தகவல் கையேட்டில் பார்த்து வங்கியில் சொல்லுங்கள். செல்லுபடி மூன்று மாதம்.

"வட்டியில்லா மாதத் தவணை" என்று தனியார் படிப்புகளில் சொல்வது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். கல்லூரிக்கு முழுப் பணமும் அன்றே போய்விடும். ஆறாம் மாதம் படிப்பை விட்டாலும் தவணை விடாது, கட்டாமல் விட்டால் சிபில் கடன் மதிப்பெண் இறங்கும். கையெழுத்துக்கு முன் கடன் விவரத் தாளைக் கேட்டு வாங்கி, செயல்பாட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். வட்டி பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பல்கலைக்கழகமே பருவத்துக்குப் பருவம் கட்ட விட்டால் அதுவே மேல்.

தமிழ்நாட்டு அரசின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் தொலைதூரப் படிப்புக்குக் கிடையாது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அசல் சான்றிதழை எந்த நிறுவனமும் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே சொல்லியிருக்கிறது. காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். "ஒரே தேர்வில் மூன்று வருட டிகிரி" என்று போனில் கூப்பிடுபவரிடம் பேச்சையே வளர்க்காதீர்கள்.

தேர்வு நாள்

வீட்டிலிருந்து எழுதும் ஆன்லைன் தேர்வுக்கு ஆபீஸ் லேப்டாப் ஆகாது. தேர்வுக்கான பிரவுசரை நிறுவ அட்மின் அனுமதி வேண்டும், கம்பெனி தராது. மாதிரித் தேர்வு வைப்பார்கள், அதைத் தவறவிடாமல் அதே லேப்டாப்பில், அதே அறையில் எழுதிப் பாருங்கள். பிஜி அறையில் பின்னால் ஒருவர் துண்டோடு நடந்துபோனாலும் கேமரா குறித்துக்கொள்ளும். அன்றைக்கு மட்டும் நண்பர் வீட்டில் ஓர் அறை கேளுங்கள். கரண்ட் போனால் வைஃபையும் போகும் என்பதால் செல்போன் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

தொலைதூரப் படிப்பென்றால், விண்ணப்பிக்கும் முன்பே தேர்வு மையப் பட்டியலில் ஓசூரோ கிருஷ்ணகிரியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தேர்வுக்கும் வேலூரோ சேலமோ போய்வரும் செலவு கட்டணத்தையே மிஞ்சும். ஓசூர் சுமார் 40 கிலோமீட்டர். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் வழித்தடத்தில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா போய், அங்கிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பஸ் பிடிக்கலாம், சில்க் போர்டு நெரிசலில் சிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெட்ரோ மற்ற நாளைவிடத் தாமதமாகத்தான் தொடங்கும். காலைத் தேர்வென்றால் அதை நம்பாமல் மெஜஸ்டிக்கிலிருந்தோ சாந்திநகரிலிருந்தோ விடியற்காலை ஓசூர் பஸ்ஸில் ஏறிவிடுங்கள், ஹால் டிக்கெட்டோடு அசல் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும்.