நோட்டு நிறைந்தால் படித்ததாகுமா? தொடக்கப்பள்ளி வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப்பள்ளி வகுப்பறையில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் தவறாகவே தெரியாது. பிள்ளைகள் ஒரே குரலில் வாசிக்கிறார்கள், நோட்டு நிறைய எழுதியிருக்கிறார்கள், பக்கத்துக்குப் பக்கம் டிக் விழுந்திருக்கிறது. பார்வையிட வருபவருக்கும் திருப்தி, பெற்றோருக்கும் திருப்தி. அதே பிள்ளையிடம் புதிதாக ஒரு வரியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால்தான் விஷயம் வெளியே வரும்.

முதலில் கூட்டு வாசிப்பு. ஆசிரியர் ஒரு வரி சொல்ல, வகுப்பே திருப்பிச் சொல்லும். பாட்டுக்கு அது சரி, பாடத்துக்கு அது மட்டுமே போதாது. நாலு நாள் கேட்டால் பிள்ளைக்குப் பாடம் மனப்பாடம் ஆகிவிடும். அப்புறம் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் கடகடவென்று 'வாசிக்கும்'. சந்தேகம் இருந்தால், பாடத்தின் நடுவில் உள்ள ஒரு சொல்லைச் சொல்லி, அது எங்கே இருக்கிறது என்று விரல் வைக்கச் சொல்லுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே விரலை நகர்த்தி வந்தால், அந்தப் பிள்ளை இன்னும் எழுத்தைப் பிடிக்கவில்லை, ஓசையைத்தான் பிடித்திருக்கிறது. படத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்வதும் நல்ல சோதனை.

இதைவிடப் பெரிய தவறு கரும்பலகையைப் பார்த்து எழுத வைப்பது. வகுப்பு அமைதியாக இருக்கும் என்பதால் நமக்கே இது பிடித்துப்போகிறது. எழுதும்போது நோட்டைப் பார்க்காதீர்கள், பிள்ளையின் தலையைப் பாருங்கள். 'பட்டம்' என்று எழுத ஒரு பிள்ளை நாலு முறை நிமிர்ந்தால், அது நாலு படம் வரைகிறது. படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து முழுச் சொல்லையும் எடுத்துக்கொண்டு குனியும். இரண்டு பிள்ளைகளின் நோட்டும் கடைசியில் ஒன்றுபோலவே இருக்கும், அதுதான் சிக்கல்.

இம்போசிஷனும் இதே வகைதான். 'பள்ளி' என்று பத்து தடவை எழுதச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று கவனித்தால் தெரியும்: முதலில் மேலிருந்து கீழே பத்து 'ப', அப்புறம் பத்து 'ள்', அப்புறம் பத்து 'ளி'. வேலை சீக்கிரம் முடிய இதைவிட நல்ல வழி இல்லை, பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. 'பள்ளி' என்ற சொல் மட்டும் அதன் கையிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை. பத்து தடவைக்குப் பதில், அந்தச் சொல்லை வைத்து அதுவாகவே ஒரு வரி சொல்லி எழுதட்டும். பிழை இருக்கட்டும், பரவாயில்லை.

எழுத்து அறிமுகத்தில் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகவே போக வேண்டும் என்ற பிடிவாதம் இன்னும் இருக்கிறது. சொல்லிப் பழக அந்த வரிசை நல்லதுதான். எழுதப் பழகுவதற்கு அ, இ, ஐ எல்லாம் ஐந்து வயதுக் கைக்கு ரொம்பச் சுழி. ட, ப, ம ஆகியவற்றோடு புள்ளியையும் கற்றுக்கொடுத்தால் முதல் சில நாட்களிலேயே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் கிடைத்துவிடும். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கு வருவேன் என்றால் அதற்குள் பிள்ளைக்கு அலுத்துவிடும். இன்னொன்று: கால், கொம்பு எல்லாம் ஓரளவு விதிக்குள் வரும், கு, சு, டு, நு, மு எனும் உகர வரிசை வராது. அங்கே விதி சொல்லிக் குழப்பாமல், ஒவ்வொன்றையும் தனி எழுத்தாகவே பழக்குங்கள்.

கணக்கில் நாம் செய்யும் தவறு, விடையைத் திருத்துவதும் பிள்ளை போட்ட வழியைப் பார்க்காமல் விடுவதும். 52 − 27 = 35 என்று ஒரு பிள்ளை போடுகிறது. பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுகிறோம். அதே பிள்ளை 41 − 18 = 37 என்று போட்டிருப்பதைச் சேர்த்துப் பார்த்தால் கதை புரியும்: எந்த வரிசையிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறது. கவனக்குறைவு இல்லை, அதற்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. 'கவனமாப் போடு' என்று சொல்லி அந்த விதியை மாற்ற முடியாது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுத்து, 'எனக்கு 27 குச்சி கொடு' என்று கேளுங்கள். உதிரியில் ஏழு இல்லை என்று தெரிந்ததும், நீங்கள் சொல்லாமலே ஒரு கட்டைப் பிரிக்கும். 'கடன் வாங்குவது' பிற்பாடு வரட்டும். நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவதும் இதே ரகம். 100 எழுதி, பக்கத்தில் 5 எழுதியிருக்கிறது, காதில் விழுந்ததை அப்படியே. இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம், நூறு தடவை எழுத வைத்தாலும் பிடிபடாது.

'புரிஞ்சுதா?' என்று கேட்பதை விட்டுவிடலாம். 'புரிஞ்சுது டீச்சர்' என்ற பதில் கேள்வி முடியும் முன்பே வந்துவிடும். பெயர் சொல்லிக் கேட்டாலும், பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் நம் ஊரில் மட்டும் குறைவு என்றில்லை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு நொடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாதவர்களும் வாய் திறந்தார்கள். 3 நொடி கேட்கச் சின்னதாக இருக்கும், வகுப்பில் நின்று பார்த்தால் தெரியும் எவ்வளவு நீளம் என்று.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவைக்க எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகப் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒருவரே சமாளிக்கும் பள்ளிகளில் இது பெரிய உதவி. 'ஏய் அரும்பு, இங்க வா' என்று கூப்பிட ஆரம்பித்தால்தான் கோளாறு. நிலை என்பது இந்த வாரம் எந்தப் பாடம் தரலாம் என்று நமக்குச் சொல்லும் குறிப்பு, பிள்ளையின் பெயர் அல்ல. கணக்கில் மலரில் இருப்பது தமிழில் அரும்பில் இருக்கலாம். ஜூனில் பிரித்த குழு மார்ச் வரை மாறவே இல்லை என்றால் மதிப்பீடு நடந்ததா என்றே சந்தேகப்படுவேன்.

செயல்பாடுகள் பற்றி ஒன்று மட்டும். பொருள் ஆசிரியர் கையிலேயே இருந்தால் அது செயல்பாடு இல்லை, வேடிக்கை. மணிச்சட்டம் அழுக்காகும், குச்சி தொலையும், ஆகட்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாடல்களில் பெரும்பாலானவை அம்மாவோ அக்காவோ ராத்திரி உட்கார்ந்து ஒட்டியவை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வகுப்பிலேயே செய்ய விடுங்கள், கோணலாக வந்தாலும்.

அடி பற்றி விவாதிக்கவே வேண்டியதில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கிண்டல் செய்வதும் அந்த இரண்டாவதில் வரும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, நோட்டுத் திருத்துவது. முப்பது நோட்டையும் மேசையில் அடுக்கி வைத்து டிக் போட்டுக் கையெழுத்திடுவதில் மதியம் போய்விடும், பிள்ளை அந்த டிக்கைத் தாண்டி எதையும் பார்க்காது. தினமும் ஐந்து பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் எழுதியதை அவர்களையே வாசிக்கச் சொல்லித் திருத்துங்கள். 'இது எப்படி வந்துச்சு?' என்று ஒரு கேள்வி கேளுங்கள், சரியான விடைக்கும் சேர்த்து. ஆறு பள்ளி நாட்களில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். மேலதிகாரி வந்து மற்ற நோட்டெல்லாம் ஏன் திருத்தவில்லை என்று கேட்டால், அந்த ஐந்தில் ஒன்றை எடுத்துக் காட்டுங்கள்.