அறிவியலில் பிஎச்.டி. சேர்தல்: நெறியாளரிடம் காலியிடம் இருக்கிறதா என்று உறுதிசெய்யும் முறை

வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர்.-யூ.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான தகுதியும் பெற்றபோது கிணற்றைத் தாண்டிவிட்டதாகவே நினைத்தேன். பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தேன் என்பது பிஎச்.டி. பதிவுக்காகப் பதினொரு மாதங்கள் காத்திருந்தபோது புரிந்தது. அந்தத் தாமதம் எங்கே நேர்ந்தது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: தகுதி

முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களை நேர்காணல் வழியாகவே சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி இருக்கிறது. 2024 ஜூன் முதல் நெட் தேர்வில் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்றொரு தகுதிநிலையும் வந்துவிட்டது. அதில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் தரப்படும். அந்த மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். இயற்பியல்காரர்கள் நெட்டோடு நின்றுவிடாமல் ஜெஸ்ட் என்னும் நுழைவுத் தேர்வையும் எழுதிவிடுவது நல்லது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு அது வழி திறக்கும்.

இரண்டாம் படி: நெறியாளரைத் தேர்தல்

ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியரே நெறியாளர். துறையின் இணையப் பக்கத்தில் உள்ள படத்தையும் கட்டுரைப் பட்டியலையும் மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்னும் நூலகத் தகவல் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை நெறியாளர் பெயரைக் கொண்டு தேடலாம். தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு இருமுறை தேடுங்கள். ஒரே பேராசிரியரின் பெயர் அங்கே பல வடிவங்களில் பதிவாகியிருக்கும். அவரிடம் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், கடைசியாக முடித்தவர் எந்த ஆண்டில் முடித்தார் என்பன ஓரளவு தெரிந்துவிடும். ஆய்வேட்டின் நன்றியுரையையும் படிக்க வேண்டும் என்பேன். கருவி எங்கிருந்து கிடைத்தது, எந்த ஆய்வகம் மாதிரிகளைச் சோதித்துத் தந்தது என்பதையெல்லாம் மாணவர்கள் அங்கேதான் மறைக்காமல் எழுதுகிறார்கள்.

மூன்றாம் படி: காலியிடத்தை உறுதிசெய்தல்

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். நான் அணுகிய உதவிப் பேராசிரியர் "ஓர் இடம் இருக்கிறது, வாருங்கள்" என்று மனமார அழைத்தார். அவருடைய மூத்த மாணவர் ஒருவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டதால் இடம் காலியாகிவிட்டது என்பது அவர் கணக்கு. ஆனால் அந்த மாணவருக்கு வாய்மொழித் தேர்வு முடியும்வரை இடத்தைக் காலியாகக் கருத முடியாது என்பது பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவின் கணக்கு. அயல் தேர்வாளரின் அறிக்கை வரத் தாமதமானது. என் விண்ணப்பம் அதுவரை மேசையிலேயே கிடந்தது. இதில் அந்தப் பேராசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கேட்க வேண்டிய கேள்வியை நான்தான் கேட்கவில்லை.

எனவே, "இடம் இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தற்போது எத்தனை பேர் பதிவில் இருக்கிறார்கள், விடுபடப்போகும் மாணவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார், சமர்ப்பித்தவுடன் இடம் விடுபடுமா அல்லது வாய்மொழித் தேர்வுக்குப் பிறகா என்று மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு உரிய விடையை நெறியாளரிடம் பெறாமல், ஆய்வுப் பிரிவு அலுவலகத்திற்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பெறுங்கள்.

ஓய்வு பெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ள ஆசிரியர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் ஓய்வு வயது 60 என்பதால், 57 வயதைக் கடந்தவரிடம் கேட்டுப் பயனில்லை. கணக்குப் பார்க்க வேண்டியது நீங்கள் அவரைச் சந்திக்கும் நாளை வைத்தல்ல, பதிவு நடக்கக்கூடிய நாளை வைத்தே. ஜே.ஆர்.எஃப். கடிதத்தில் அது செல்லுபடியாகும் கடைசி நாளையும் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் என்னும் உதவித்தொகை, நீங்கள் முறைப்படி சேர்ந்த பிறகே தொடங்கும்.

நான்காம் படி: அணுகுதல்

ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்புவது வீண்வேலை. அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஓர் ஐயத்தைக் குறிப்பிட்டுப் பத்து வரியில் எழுதுங்கள். உள்ளூர்க் கல்லூரியாக இருந்தால் நேரில் செல்வதே மேல் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் படி: பதிவுக்குப் பின்

ஆய்வு மாணவர் படிக்க வேண்டிய பாடநெறிக்குக் குறைந்தது 12 மதிப்பலகுகள் (கிரெடிட்) உண்டு. முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். பதிவு நடந்த அன்றே, மேற்கோள்களைச் சேமித்து அடுக்கித் தரும் ஸொட்டேரோவை நிறுவிக்கொள்ளுங்கள். விலையில்லா மென்பொருள் அது. பணம் கட்டிப் பெறும் எண்ட்நோட் மென்பொருளோ, உங்கள் கல்வி நிறுவனத்திடம் அதன் உரிமம் இருக்கும்வரைதான் கைக்கு வரும். மூன்றாம் ஆண்டில் நானூறு மேற்கோள்களைக் கையால் அடுக்கிய நண்பரைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் சிலர் இரண்டு ஐயங்களை எழுப்பினார்கள். இடையில் நெறியாளர் ஓய்வு பெற்றுவிட்டால் என்ன ஆகும் என்பது முதலாவது. ஏற்கெனவே பதிவில் உள்ள மாணவருக்கு அவர் ஓய்வுக்குப் பிறகு இணை நெறியாளராகத் தொடரலாம், ஆனால் 70 வயதுக்கு மேல் முடியாது. ஆகவே துறையில் வேறொருவர் முதன்மை நெறியாளராகப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும், அவரிடமும் இடம் இருக்க வேண்டும். சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டுமா என்பது இரண்டாவது. 2016ஆம் ஆண்டு விதிமுறைகளில் இருந்த அந்தக் கட்டாயம் 2022இல் நீக்கப்பட்டது. எனினும் பல்கலைக்கழகம் தன் அளவில் அதை வைத்துக்கொள்ளலாம் என்பதால், சேரும் ஆண்டின் விதித்தொகுப்பைப் பதிவிறக்கிச் சேமித்து வையுங்கள்.