ஆன்லைன் ஏலத்தில் துப்பாக்கி வாங்குவது, விற்பது: அமெரிக்காவில் முதல்முறை இறங்குபவர்களுக்கு

டாலஸ் பக்கம் நம்மாட்கள் நாலு பேர் சேர்ந்தால், பிரியாணி முடிந்து பீடா போடும் நேரத்தில் ஒருவராவது கேட்டுவிடுவார்: "கன்புரோக்கர்ல ரைபிள் ஏலத்துக்கு வருதே, ஜெயிச்சா வீட்டுக்கே அனுப்பிடுவாங்களா?" அனுப்ப மாட்டார்கள். கன்புரோக்கர் துப்பாக்கிகளை ஏலம் விடும் இணையதளம்தான், ஆனால் அமேசான் பெட்டி மாதிரி வாசலில் வைத்துவிட்டுப் போகிற சரக்கு இல்லை இது.

ஒரு காலத்தில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. 1963-ல் லீ ஹார்வி ஆஸ்வால்டு சிகாகோ கடை ஒன்றுக்குப் பொய்ப் பெயரில் தபாலில் ஆர்டர் போட்டு வாங்கிய ரைபிளால்தான் இங்கே டீலி பிளாசாவில் கென்னடி சுடப்பட்டார். 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தத் தபால் வழியை மூடியது. இன்று வெளி மாநிலத்துத் துப்பாக்கி உங்கள் கைக்கு வர, நடுவில் லைசென்ஸ் வைத்திருக்கும் டீலர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவரை எஃப்.எஃப்.எல். என்பார்கள். ஏலத் தளத்தில் நீங்கள் அழுத்துகிற பட்டன் இதில் ஆகச் சின்ன வேலை. மீதியெல்லாம் இந்த டீலரைச் சுற்றித்தான்.

நான் டெக்சாஸ்காரன். கீழே இருப்பது மத்திய சட்டமும் என் அனுபவமும். உங்கள் மாநிலம் இதற்கு மேலேயும் கேட்கலாம்.

முதலில்: உங்களால் வாங்க முடியுமா?

ஹெச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் கவனிக்க. பொதுவாக நீங்கள் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு. பலருக்கும் பொருந்துவது, ஏதாவதொரு மாநிலம் முறைப்படி கொடுத்த வேட்டை லைசென்ஸ். அது செல்லுபடியாகும் நிலையில் கையில் இருக்க வேண்டும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. கார்டில் இருக்கும் ஏலியன் நம்பரை, டீலரிடம் துப்பாக்கி எடுக்கும்போது நிரப்பும் படிவத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது, ரைபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 18 என்பது மத்திய சட்டம். சில மாநிலங்களில் எல்லாவற்றுக்குமே 21.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பழக்கம் இதில்தான் மாட்டிவிடும். நண்பர் ஹெச்-1பி. "மச்சான், உன்கிட்டதான் கிரீன் கார்டு இருக்கே, எனக்கு ஒண்ணு வாங்கிக் கொடு, காசு நான் தர்றேன்" என்பார். சிம் கார்டு வாங்கிக் கொடுப்பதுபோல நினைத்து இறங்காதீர்கள். இதற்கு ஸ்ட்ரா பர்ச்சேஸ் என்று பெயர். 2022 சட்டத்தின்படி 15 வருஷம் வரை சிறை. அந்த நண்பர் வாங்கத் தகுதியுள்ளவராக இருந்தாலும் நீங்கள் தப்ப முடியாது. அப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர் தன் மாமாவுக்காக, மாமா காசில், கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா வாங்கத் தடையில்லாதவர்தான். ஆனால் படிவத்தில் 'எனக்காக வாங்குகிறேன்' என்று எழுதியது பொய் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. உங்கள் காசில் வாங்கி, தகுதியுள்ள ஒருவருக்கு நிஜமாகவே பரிசாகக் கொடுப்பது வேறு.

டீலரைப் பிடித்துவிட்டு ஏலத்துக்குப் போங்கள்

எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். ஏலத்தில் ஜெயித்துவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போன் போட்டால், "லைசென்ஸ் இல்லாதவர் அனுப்பும் துப்பாக்கியை நாங்கள் வாங்கி வைப்பதில்லை" என்றார்கள். அடுத்த கடை, துப்பாக்கியை வாங்கி வைத்து என் கைக்கு மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபர் கட்டணமாகச் சொன்ன தொகையைக் கேட்டதும், நான் ஏலத்தில் மிச்சம் பிடித்தது காணாமல் போனது.

அதனால் ஏலம் கேட்பதற்கு முன்பே இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். டிரான்ஸ்ஃபருக்கு எவ்வளவு (20 முதல் 50 டாலர் சாதாரணம்), தனிநபர் அனுப்புவதை ஏற்பீர்களா, வந்த பிறகு எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், இந்த மூன்றும் தெரிந்தால் போதும். கைத்துப்பாக்கி என்றால் டீலர் நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கே வரும் வழி ஒன்றும் உண்டு, பழம்பொருள் பிரியர்களுக்கு மட்டும். 50 வருஷத்துக்கு மேல் பழைய, அசல் நிலையில் இருக்கும் துப்பாக்கிகளைச் சேகரிக்க 'சி அண்ட் ஆர்' என்ற தனி லைசென்ஸ் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு 30 டாலர். முதல் துப்பாக்கிக்கே இதற்குப் போகாதீர்கள்.

பட்டியலைப் படிப்பது எப்படி

எனக்கு ஆசை இஷாபூர் 2ஏ1 மேல். மேற்கு வங்கத்தில் இஷாபூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு, பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டு வடிவத்தை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி எடுத்தார்கள். அமெரிக்காவுக்கு உபரியாக வந்து, இங்கே ஏலத்தில் அடிக்கடி தலைகாட்டும். பக்கவாட்டில் 'ஆர்.எஃப்.ஐ.' என்று பொறித்து, கீழே வருஷம் இருக்கும். டெக்சாஸில் உட்கார்ந்து அந்த மூன்று எழுத்தைப் பார்க்கும்போது ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்தில்தான் தப்பு நடக்கும்.

விற்பவர் தளத்தில் படமும் விவரமுமாகப் போடும் பட்டியலில் நான் பார்ப்பவை இவை:

படங்களை எண்ணுங்கள். இடது, வலது, மேல், கீழ் நாலும் இருக்கிறதா? குழலுக்குள் வெளிச்சம் அடித்து எடுத்த படம் உண்டா? உள்ளே வரிப்பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். இருட்டாக, சொரசொரப்பாகத் தெரிந்தால் அது துரு தின்ற குழல். படம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் அடுத்த ஏலத்துக்குப் போய்விடுங்கள்.

ரிசீவர் (துப்பாக்கியின் நடு உடல்), போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) இரண்டிலும் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா? வேறு வேறு துப்பாக்கியிலிருந்து பிடுங்கிக் கோத்ததென்றால் விலையும் குறைய வேண்டும், சுடுவதற்கு முன் துப்பாக்கி மெக்கானிக் பார்த்தும் ஆக வேண்டும். மரக்கட்டையில் விரிசல் இருக்கிறதா? குறிப்பாகக் கைபிடிக்கும் மெலிந்த இடத்தில்.

அப்புறம், விற்பவர் எழுதியிருக்கும் வார்த்தைகள். "தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்தது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று ஒருவர் எழுதியிருந்தால் அவருடைய பழைய விற்பனைகளைப் பாருங்கள். மாதம் எட்டு தாத்தா இருப்பார்கள்.

'இருக்கிற நிலையில் விற்கிறேன், திரும்ப எடுக்க மாட்டேன்' என்று இருக்கிறதா, மூன்று நாள் பார்த்துத் திருப்பலாம் என்று இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாநிலச் சட்டம் இங்கேயும் வரும். இஷாபூர் சிலவற்றில் 12 தோட்டா மேகசின் இருக்கும். கலிபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் 10-க்கு மேல் கூடாது. நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் நண்பர்களுக்குத் துப்பாக்கி வாங்கும் அடையாள அட்டையே தனியாக வேண்டும், இல்லினாய்ஸில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கான ஃபாய்டு கார்டு.

ஏலம் கேட்பது

மனதில் ஒரு தொகை வையுங்கள். அதில் அனுப்பும் செலவு, டிரான்ஸ்ஃபர் கட்டணம், வரி எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். கடைசி நொடியில் பாய்ந்து அடிக்கும் தந்திரம் கன்புரோக்கரில் எடுபடாது. கடைசி 15 நிமிஷத்துக்குள் யாராவது கேட்டால் ஏலம் நீண்டுகொண்டே போகும். நள்ளிரவில் இரண்டு பேர் பத்துப் பத்து டாலராக ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நான்.

ஏலம் கேட்பது ஒப்பந்தம். சும்மா கேட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினால் கணக்குக்குக் கெட்ட பெயர்.

பணமும் காகிதமும்

ஜெயித்ததும் உங்கள் டீலர் தன் லைசென்ஸ் நகலை விற்பவருக்கு அனுப்புவார். பணம் தளத்திலேயே கார்டில் கட்ட முடிந்தால் நல்லது, தபால் மணி ஆர்டரும் வழக்கம்தான். பேபால் துப்பாக்கிக்குப் பணம் அனுப்ப அனுமதிப்பதில்லை. "தளத்துக்கு வெளியே முடிச்சுக்கலாம், ஜெல் (Zelle) ஆப்பில் பணம் அனுப்பு, விலை குறைக்கிறேன்" என்று தனியாகச் செய்தி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கிஃப்ட் கார்டு கேட்டால் யோசிக்கவே வேண்டாம், திருடன்தான்.

கவுன்டரில்

துப்பாக்கி வந்துவிட்டது, கடையிலிருந்து போன். இங்கே என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். இஷாபூரைப் பார்த்த சந்தோஷத்தில் முதலில் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் கட்டையின் கீழ்ப்பக்கம் நீளமாக ஒரு விரிசல், அதில் பசை ஊற்றி மேலே எண்ணெய் தடவியிருந்தது. பட்டியலில் அந்தக் கோணத்தில் மட்டும் படம் இல்லை. கேட்டால், "கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டீர்களே" என்றார் விற்றவர்.

ஆகவே வரிசை இதுதான்: பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். துப்பாக்கிக்குள் தோட்டா இல்லாமல் காலியாக இருக்கிறதா என்று டீலரை வைத்துக்கொண்டே போல்ட்டைத் திறந்து பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். வரிசை எண், குழல், கட்டை எல்லாவற்றையும் பட்டியலின் படங்களோடு ஒப்பிடுங்கள். சரியில்லையென்றால் படிவத்தைத் தொடாமல் விற்பவருக்கு அங்கிருந்தே எழுதுங்கள். துப்பாக்கி இன்னும் டீலர் கணக்கில்தான் இருக்கிறது, திருப்பி அனுப்புவது சுலபம்.

எல்லாம் சரியென்றால் வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவம். அடையாள அட்டையில் தற்போதைய வீட்டு முகவரி இருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் இதில் மாட்டுவார்கள். அடுத்தது நம் பெயர்ப் பிரச்சினை. அட்டையில் இருப்பது போலவே முழுப் பெயர். நடுப்பெயர் இல்லையென்றால் 'என்.எம்.என்.' என்றும், வெறும் இனிஷியல் மட்டும்தான் சட்டப்படியான பெயர் என்றால் அதன் பக்கத்தில் 'ஐ.ஓ.' என்றும் எழுதச் சொல்லி படிவத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. அப்பா பெயர் லாஸ்ட் நேமாகப் போய், கிரீன் கார்டில் ஒரு மாதிரி, டிரைவிங் லைசென்ஸில் ஒரு மாதிரி இருப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம் இல்லை, ஆனால் அதே பெயருள்ள வேறு ஆளோடு குழம்பாமல் இருக்க உதவும்.

பிறகு டீலர் எஃப்.பி.ஐ.யின் நிக்ஸ் என்ற பின்னணிச் சோதனை முறையில் உங்களைப் பற்றிப் பார்ப்பார். 1998 நவம்பரிலிருந்து இயங்குகிறது. பதில் மூன்றில் ஒன்று: கொடுக்கலாம், தாமதம், மறுப்பு. பெரும்பாலும் சில நிமிஷத்தில் வந்துவிடும். தாமதம் என்றால் பதறாதீர்கள். மூன்று வேலை நாளில் மறுப்பு வராவிட்டால் கொடுக்க மத்திய சட்டம் டீலரை அனுமதிக்கிறது, கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம். 21 வயதுக்குக் கீழ் என்றால் 10 வேலை நாள் வரை ஆகலாம். கலிபோர்னியாவில் எப்படியும் 10 நாள் காத்திருப்பு.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டுப் பெட்டி துப்பாக்கிக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைப்பது குற்றம். பழைய ராணுவ ரைபிளை மெக்கானிக் ஒருமுறை பார்க்காமல் சுடவும் வேண்டாம்.

விற்கும்போது

விற்பது இன்னும் பொறுமை கேட்கும். குறையை முதல் வரியிலேயே எழுதுங்கள். என் இஷாபூரைப் பின்னாளில் விற்றபோது விரிசலுக்கு மட்டும் மூன்று படம் போட்டேன். விலை நான் பயந்த அளவுக்குக் குறையவில்லை.

வாங்குபவர் "என் டீலர் இவர்" என்று ஒரு லைசென்ஸ் நகல் அனுப்புவார். அப்படியே நம்பாதீர்கள். டீலர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.பின் தளத்தில் 'ஈசி செக்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. லைசென்ஸ் எண்ணின் முதல் மூன்று இலக்கம், கடைசி ஐந்து இலக்கம் போட்டால் பெயரும் முகவரியும் வரும். நகலில் இருக்கும் முகவரியும் அதுவும் ஒத்துப்போனால்தான் பெட்டி கட்டுவது. இல்லாத கடை பெயரில் வீட்டு முகவரி கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பணம் வங்கியில் உறுதியான பிறகுதான் அனுப்ப வேண்டும். பெரிய தனியார் கூரியர்கள் தனிநபர் துப்பாக்கியை எடுப்பதில்லை, அதனால் உள்ளூர் டீலர் மூலமே அனுப்பிவிடுங்கள். கட்டணம் கொஞ்சம் ஆகும், தலைவலி போகும். பெட்டிக்குள் தோட்டா கூடாது. வெளியே துப்பாக்கி என்று தெரியும் எழுத்து எதுவும் வேண்டாம். உள்ளே உங்கள் பெயர், முகவரி, ஏல எண் எழுதிய தாள் ஒன்று வையுங்கள். அந்தப் பக்கத்து டீலர் யாரிடமிருந்து வந்தது என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

ஒன்றிரண்டு விற்பது பரவாயில்லை. லாபத்துக்காக வாங்கி வாங்கி விற்க ஆரம்பித்தால் அது வியாபாரம், உங்களுக்கே லைசென்ஸ் வேண்டும்.

வரிசை எண், வாங்கியவருடைய டீலர் விவரம், டிராக்கிங் சீட்டு மூன்றையும் ஒரு கவரில் போட்டு பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து அந்தத் துப்பாக்கி எங்கே என்று யாராவது கேட்டு வந்தால், அந்தக் கவரை எடுத்துக் கொடுத்துவிடலாம்.