அம்மா அப்பா சண்டைக்குத் தபால்காரனாக இருந்ததை நிறுத்தின விதம்

அம்மாவின் குறை அப்பாவுக்கும், அப்பாவின் குறை அம்மாவுக்கும் என்ர வாயாலதான் போகும். நிறுத்தினது ஒரே வசனத்தால்: "அதை அவரிட்டையே நேர கதையுங்கோ அம்மா." விளக்கம் சேர்த்தால் அதிலேயே அடுத்த சண்டை தொடங்கும்.

ஃபோன் ஞாயிறு பின்னேரம் மட்டும், 20 நிமிஷம். முதல் 2, 3 கிழமை கோல் கூடும். பத்தாவது மிஸ்ட் கோலுக்கு இரங்கி எடுத்தால், பத்துத்தரம் அடித்தால் எடுப்பான் என்றே பழகிவிடும். பிறகு நிறுத்துவது இரட்டிப்புக் கஷ்டம். சனம் என்ன சொல்லும் என்று மாமி படலை திறந்து வருவா. தேத்தண்ணி கொடுங்கோ, விளக்கம் கொடுக்காதேங்கோ.

அடி விழுகிற வீட்டுக்கு இது சரிவராது. அங்கே இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இதால உங்கட நித்திரை குழம்பினால் மனநல உதவி இலக்கம் 1926க்கு கோல் எடுங்கோ.