முகவுரையில் எழுதிய பசுமை: அரசுக் கொள்முதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி தன் முதல் பெரிய டெண்டரின் வரைவைக் கொண்டுவந்து காட்டினாள். அரசுக் கொள்முதல் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. "தோந்தோன், ஒரு தடவை பார்த்துக் கொடுங்க" என்றாள். எங்கள் கிரியோல் மொழியில் தோந்தோன் என்றால் மாமா. முதல் பக்கம், மூன்றாவது பத்தி. அங்கே அந்த வரி உட்கார்ந்திருந்தது: "சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்கு முன்னுரிமை அளிக்கப்படும்."

வனிலாத் தேநீர் கசந்துபோயிற்று. 2012-இல் அதே வரியை, அதே இடத்தில் எழுதியவன் நான்.

மொரீசியஸில் கொள்முதல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆவணம் எல்லாம் ஆங்கிலம், சண்டை எல்லாம் கிரியோல், மனக்கணக்கு மட்டும் தமிழ். கையெழுத்தை விட்டுவிடுவது, கடைசித் தேதியைத் தப்பாகப் போடுவது போன்ற பிழைகளை உங்கள் மேலதிகாரியே பிடித்துவிடுவார். யாரும் பிடிக்காமல் நழுவிப் போகும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

மக்கும் தட்டு எங்கே மக்கும்?

2016 ஜனவரி 1-ஆம் தேதி பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 ஜனவரி 15 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், கரண்டி, உறிஞ்சுகுழல் என்று அடுத்த பட்டியல். உடனே எல்லா அலுவலகமும் "மக்கும்" என்று அச்சடித்த தட்டுகளைத் தேடி ஓடியது.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன சோதனை இருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய இஎன் 13432 தரம் பேசுவது ஆலைக் கம்போஸ்ட்டைப் பற்றி. சுமார் 58 டிகிரி வெப்பத்தில், ஆறு மாதத்துக்குள் பொருளின் 90 சதவீதம் சிதைய வேண்டும். உங்கள் அலுவலகக் குப்பை வண்டி போய் நிற்பது அப்படிப்பட்ட ஆலையிலா, மார் ஷிக்கோஸ் மேட்டிலா? 1997 முதல் தீவின் குப்பையை வாங்கிக்கொள்ளும் நிலநிரப்பு அது. அங்கே புதைந்த தட்டுக்குத் தான் மக்கும் ரகம் என்பது தெரியாது. "ஆக்ஸோ" என்று தொடங்கும் பெயரில் வந்தால் இன்னும் மோசம். அது மக்குவதில்லை, பொடியாகிறது. அந்த ரகத்தை ஐரோப்பிய ஒன்றியமே 2021-இல் சந்தையிலிருந்து விலக்கிவிட்டது.

காவடி அன்று கோவிலில் ஏழு கறியை வாழை இலையில் பரிமாறுகிறோம். சான்றிதழ் கேட்டவர் யாரும் இல்லை. அலுவலக விருந்து முப்பது பேருக்குத்தான் என்றால் கழுவி வைக்கும் பீங்கான் தட்டே போதும். அதை வாங்க டெண்டரும் வேண்டாம்.

மறுசுழற்சித் தாள்

முதலில் ஒரு ரீம் வாங்கி உங்கள் பிரிண்டரில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஆயிரம் ரீம்.

முகவுரையில் பசுமை

இப்போது என் கதை. அரசு நிலையான கொள்முதலுக்கு 2011 முதல் 2015 வரை ஒரு தேசியச் செயல்திட்டம் போட்டிருந்த காலம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் இந்த முறையைச் சோதித்துப் பார்த்த முதல் ஏழு நாடுகளில் எங்கள் தீவும் ஒன்று. பயிற்சி வகுப்பு, பச்சை நிறக் கோப்பு, எல்லாம் உண்டு. சூடு ஏறியிருந்தது எனக்கும்.

60 ஏசி வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் 12,000 பிடியு, அதாவது 3.5 கிலோவாட் குளிர்விக்கும் திறன். முகவுரையில் அந்த அழகான வரியைப் போட்டேன். தொழில்நுட்ப விவரப் பக்கத்தில் திறன், நிறம், குழாய் நீளம். மதிப்பீட்டு முறை என்ற பக்கத்தில் ஒரே வாக்கியம்: நிபந்தனைகளை நிறைவு செய்து மிகக் குறைந்த விலை சொல்பவருக்கு.

விலைப்புள்ளிகளைப் பிரித்தோம். மிக மலிவானது பழைய ரகம், மின்சாரத்தைக் குடிக்கும் இயந்திரம். இரண்டாவதாக வந்தவர் இன்வெர்ட்டர் ரகம், அதாவது தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏசி கொடுத்திருந்தார், விலை கொஞ்சம் கூடுதல். குழு உற்சாகமாக இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்தது. காரணம்? "பார், முகவுரையில் எழுதியிருக்கிறதே!"

முதலாமவர் ஆட்சேபம் எழுப்பினார். அவர் கேட்டது ஒரே கேள்வி: மின்சார சிக்கனத்துக்கு எத்தனை மதிப்பெண், எந்தச் சூத்திரம், எந்தப் பக்கத்தில்? பதில் இல்லை. ஆவணத்தில் முன்கூட்டியே சொல்லாத அளவுகோலை வைத்து ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது. கொள்முதல் சட்டத்தின் உயிரே அதுதான். எந்த வழக்கறிஞர் வந்து வாதாடினாலும் நாங்கள் தோற்றிருப்போம். டெண்டர் ரத்து.

அதற்குள் பிப்ரவரி, எங்கள் தீவில் கோடை. வெயில் கொளுத்துகிறது, ஊழியர் சங்கம் கத்துகிறது. அவசரக் கொள்முதலில் கையில் கிடைத்த மலிவான 60 ஏசியை வாங்கி மாட்டினோம். ஒன்பது வருடம் ஓடின. ஒவ்வொரு நாளும் அவற்றின் கீழே உட்கார்ந்து கோப்புப் பார்த்தேன். அந்தக் குளிர்காற்று இன்றைக்கும் எரிச்சலாகத்தான் ஞாபகம் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். சிக்கன விகிதம் 2.8, அதாவது ஒரு வாட் மின்சாரத்துக்கு 2.8 வாட் குளிர் தரும் இயந்திரம் முழு வேகத்தில் 1.25 கிலோவாட் இழுக்கும். 3.8 தருவது 0.92 இழுக்கும். வித்தியாசம் 0.33 கிலோவாட். வேலை நாள்களில் எட்டு மணி நேரம், அதில் பாதி சுமை என்று வைத்தால் வருடத்துக்கு ஆயிரம் முழுச்சுமை மணி நேரம் வரும். ஒரு ஏசிக்கு 330 யூனிட். அறுபதுக்கு 19,800. ஒன்பது வருடத்துக்கு ஏறக்குறைய 1,78,000 யூனிட். ஒரு பத்தியை நான் தப்பான பக்கத்தில் போட்டதற்கான பில் இது.

இந்தத் தீவில் அந்த யூனிட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கரும்பு அரைக்கும் காலத்தில், ஜூன் தொடங்கி டிசம்பர் வாக்கில் முடியும் வரை, ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரம் தருகின்றன. ஏசி வாய் பிளந்து ஓடும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் சக்கை தீர்ந்திருக்கும். எரிவது நிலக்கரியும் கனரக எண்ணெயும். ஆக, நாம் வீணடிப்பது வருடத்தின் மிக அழுக்கான மின்சாரத்தை.

1998-இல் மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தியை ஏற்றி அச்சடித்தபோது நம்மவர்கள் தெருவில் இறங்கினார்கள். பழைய வரிசை திரும்பி வந்தது. எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதன் அருமை நமக்குத் தெரியாததல்ல. டெண்டர் என்று வந்தால் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

அந்த வரியை எங்கே வைப்பது? மூன்று இடம் உண்டு, மூன்றுக்கும் வேலை வேறு.

கட்டாயம் வேண்டியதைத் தொழில்நுட்ப விவரத்தில் எண்ணாகப் போடுங்கள்: "சிக்கன விகிதம் 3.5-க்குக் குறையக் கூடாது. சோதனைக்கூட அறிக்கை விலைப்புள்ளியோடு இணைக்கப்பட வேண்டும்." குறைந்தால் வெளியே, பேச்சே இல்லை. அந்த எண்ணைப் போடும் முன் சந்தையில் குறைந்தது மூன்று சப்ளையராவது அதைத் தர முடியுமா என்று விசாரித்துவிடுங்கள். ஒருவரால்தான் முடியும் என்றால் அவருக்காக எழுதிய டெண்டர் என்ற பேர் வரும். நியாயமாகவே வரும்.

அதற்கு மேல் எவ்வளவு நல்லதோ அவ்வளவு நல்லது என்றால், அது மதிப்பீட்டு முறைக்குப் போக வேண்டியது. வாங்கும் விலையோடு பத்து வருட மின்செலவையும் கூட்டி ஒப்பிடுவோம் என்று சொல்லுங்கள். எத்தனை மணி நேரம், யூனிட் என்ன விலை என்பதையும் அங்கேயே அச்சடித்துவிடுங்கள். அப்போது மலிவான ஏசி தானாகவே விலை உயர்ந்த ஏசியாகிவிடும். யாரும் ஆட்சேபிக்க முடியாது, ஏனென்றால் கணக்கு அவரும் போட்டிருப்பார்.

வாங்கிய பிறகு நடக்க வேண்டியது ஒப்பந்த நிபந்தனையில். பராமரிப்பு, பழைய இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது, சொன்ன மாடலுக்குப் பதில் வேறு வந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அங்கே. கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். தேர்வான மாடல் ஒன்று, லாரியில் இறங்கும் மாடல் இன்னொன்று என்பது நான் பார்க்காத விஷயமல்ல.

முகவுரையில் வேண்டுமானால் திருவள்ளுவரைக் கூட எழுதுங்கள். யாரும் படிப்பதில்லை.

ஐஎஸ்ஓ 14001-ஐப் பொருளின் சான்றாக நினைப்பது

அது நிறுவனத்தின் சுற்றுச்சூழல் நிர்வாக முறைக்குக் கிடைக்கும் சான்றிதழ். அந்த நிறுவனம் விற்கும் பெயின்ட் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. அதைக் கட்டாயமாக்கினால் ரோஸ் ஹில் பக்கம் மூன்று பேரை வைத்துக் கடை நடத்தும் ஆள் வெளியே போய்விடுவார். அவர் விற்பதும் அதே பெயின்ட்தான்.

பொருளைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மூன்றாம் தரப்பு சோதித்துத் தரும் சூழல் முத்திரையைக் கேளுங்கள். ஐஎஸ்ஓ 14024 வகை என்பார்கள். உற்பத்தியாளர் தானே சொல்லிக்கொள்வது 14021 வகை. இரண்டிலும் பச்சை இலைப் படம் இருக்கும், அதனால் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே ஒரு முத்திரையின் பெயரை எழுதினால் "அல்லது அதற்கு இணையானது" என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கடல் காற்றை மறப்பது

மாயேபூர் கரையோரத்தில் ஐந்து நட்சத்திர ஏசியும் உப்பில் அரிக்கும். துருத் தடுப்புப் பூச்சைக் கேட்டு எழுதுங்கள்.

டோனர்

பிரிண்டரில் போடும் இந்த மைத்தூளின் விலையைப் பார்க்காதீர்கள், பக்கத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். கறுப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 முறைப்படி எண்ணிய பக்கக் கணக்கைக் கேளுங்கள்.

வாங்காமல் இருக்க முடியுமா என்று கேட்காதது

அந்த 60-இல் எத்தனை அறைக்கு மேற்கு ஜன்னலில் ஒரு மறைப்பு மாட்டியிருந்தாலே போதும்? கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பழையது எங்கே போகும்?

ஏசிக்குள் குளிரூட்டும் ஆர்410ஏ காஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்32 என்றால் 675. புதிய ஏசிக்கு எந்தக் காஸ் என்று எல்லோரும் பெருமையாகக் கேட்கிறார்கள். கழற்றும்போது பழைய காஸை இயந்திரம் வைத்து உருளையில் பிடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுபவர் குறைவு. எழுதாவிட்டால் தொழிலாளி குழாயை வெட்டுவார். ஒரு சீறல், முடிந்தது.

அந்த 60-இல் 23 எங்கள் கிடங்கின் பின்னால், பப்பாளி மரத்தடியில், நான் ஓய்வு பெறும் நாள் வரை கிடந்தன. ஒன்றிலும் காஸ் இல்லை.