அந்தமானில் ரூம் போடும்போது குடும்பங்கள் செய்யும் தவறுகள்

போன முறை அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போனபோது, என் பையன் இடுப்பில் ரப்பர் டியூபை மாட்டிக்கொண்டு ரூம் வாசலில் நின்று கேட்டான்: "அப்பா, கடல் எங்கே?"

நியாயமான கேள்விதான். புக் செய்யும்போது பார்த்த போட்டோவில் தென்னை மரத்தடி வரைக்கும் பச்சைத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தது பௌர்ணமிக்கு மறுநாள், பிற்பகல் மூன்றரை மணி. கடல் எங்கேயோ உள்ளே போயிருந்தது. செத்த பவளப்பாறை, கொஞ்சம் சேறு, நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் படகு. விடுதிக்காரர் ஏமாற்றவில்லை. ஏற்ற நேரத்தில் எடுத்த படத்தைப் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

அந்தமானுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஏசி இருக்கிறதா, காலைச் சாப்பாடு உண்டா, நீச்சல் குளம் எவ்வளவு பெரியது என்றெல்லாம் கேட்கிறார்கள். ரூம் தீவின் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. ஹேவ்லாக்குக்கு 2018-ல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள்; ஆனாலும் எல்லோர் வாயிலும் இன்னும் ஹேவ்லாக்தான். அங்கே நிறைய விடுதிகள் கிழக்குக் கரையில், 3-ம் நம்பர், 5-ம் நம்பர் பீச் ஓரமாக இருக்கின்றன. அந்தப் பக்கம் ஆழம் குறைவு, அடியில் பாறை. தண்ணீர் ஏறியிருக்கும்போது குளம் மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சுகம் வேறில்லை. வற்றிவிட்டால் காலை நனைக்கக்கூட வழியில்லை. செருப்பில்லாமல் நடந்தால் பாதம் கிழியும்.

மேற்கே இருக்கும் 7-ம் நம்பர் பீச், அதாவது ராதாநகர், வேறு ரகம். நல்ல மணல் தரை. தண்ணீர் வற்றினாலும் இறங்கிக் குளிக்கலாம். ஆனால் அலை உண்டு, லைஃப்கார்டு நிற்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆளில்லாத ஒதுக்குப்புறம் என்று கோடிக்குப் போவதும் வேண்டாம். அந்தப் பக்கம் 2010-ல் ஒரு சுற்றுலாப் பயணியை முதலை அடித்துக் கொன்றிருக்கிறது. எச்சரிக்கைப் பலகையை அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

கடல் ஏற்றமும் வற்றமும் ஒரு நாளில் பொதுவாக இரண்டிரண்டு முறை வரும். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் தண்ணீர் ரொம்ப ஏறும், ரொம்ப வற்றும். நீங்கள் போகும் தேதிகளுக்குப் போர்ட் பிளேரின் ஏற்றவற்ற அட்டவணையை இணையத்தில் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பகலில் எப்போது தண்ணீர் ஏறும் என்று தெரிந்துகொண்டு அப்புறம் ரூம் தேடுங்கள். இன்னொன்று, அங்கே நம் ஊர்க் கடிகாரமே ஓடினாலும் பொழுது சீக்கிரம் சாயும். டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. "சாயங்காலம் குளிக்கலாம்" என்ற நம் ஊர்க் கணக்கு எடுபடாது.

அப்படியானால் எல்லோரும் ராதாநகர் பக்கமே தங்கிவிடலாமே? இல்லை. படகுத்துறையிலிருந்து அது ஏறக்குறைய 12 கிலோமீட்டர். கடை, சாப்பாடு, மருந்து எல்லாம் 3-ம் நம்பர் பஜார் பக்கம். இருட்டிய பிறகு ஆட்டோ கிடைப்பது கஷ்டம். பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரைக்குக் காட்டு வழியே தீவின் அந்தப் பக்கம் போக வேண்டும். எலிஃபன்ட் பீச்சுக்குப் படகு ஏறுவதும் படகுத்துறையில்தான். என் கணக்கு இது: கூட அம்மா, மாமியார் வந்தால் கிழக்கே, பஜாருக்குப் பக்கத்தில் தங்கிவிட்டு, ராதாநகருக்கு மதியம் வண்டி பேசிக்கொண்டு போய்வரலாம். பிள்ளைகள் மட்டும் என்றால், அவர்கள் கடலை விட்டு வரவே மாட்டார்கள் என்றால், ராதாநகர் பக்கம் செலவு கூடினாலும் இரண்டு இரவு போடலாம்.

ரூம் விஷயத்தில் "ஃபேமிலி ரூம்" என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஒரே கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மெத்தை போட்டாலும் அதற்கு அந்தப் பெயர்தான். கட்டில் எத்தனை, எத்தனை வயது வரை பிள்ளைக்குக் காசு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். மூங்கில் குடிசை படத்தில் கொள்ளை அழகு. தூண் மேல் நிற்கும் குடிசை என்றால் மூட்டுவலி உள்ளவர்கள் நாளுக்குப் பத்து முறை படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேன் மட்டுமா என்றும் கேளுங்கள். கொசுவலையைவிட முக்கியம், மணலில் படுக்காமல் உட்கார நாற்காலி இருக்கிறதா என்பது. மணலில் இருக்கும் மணல் ஈ கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, கடித்தால் ஒரு வாரம் சொறிய வைக்கும்.

செக் இன் நேரத்தையும் பார்க்க வேண்டும். காலைப் படகில் போனால் ஒன்பது மணிக்கே வாசலில் நிற்பீர்கள், ரூம் மதியம்தான். கிளம்பும் நாளில் சில இடங்களில் காலை எட்டு, ஒன்பதுக்கே காலி செய்யச் சொல்வார்கள். பெட்டியை வைக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட இடம் தருவார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் பணம் அதிகம் போகும். ஹேவ்லாக்கிலிருந்தோ பக்கத்துத் தீவான நீலிலிருந்தோ அன்றைக்கே படகு ஏறி, அன்றைக்கே விமானம் பிடிக்கிற மாதிரி ரூம் போடாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரையும், அப்புறம் வடகிழக்கு மழையிலும், கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. கடைசி இரவை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேரிலேயே வையுங்கள். அந்த ரூமுக்குக் கடல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அபெர்டீன் பஜார் பக்கம் சாதாரண ரூம் போதும். விமான நிலையம் கொஞ்ச தூரம்தான். தமிழ்க் குரல் காதில் விழும் ஊர் அது. நாலு நாள் ஃப்ரைடு ரைஸ் தின்ற பிள்ளைகளுக்கு இட்லியும் கிடைக்கும்.